அறுபத்து மூன்று சதவீதம்

பதினோரு இரவாக இதே கதை.
இரண்டு மணி பதினான்கு நிமிடம்,
அறுபத்து மூன்று சதவீதம்,
நின்றுவிடுகிறது நகல்.

கோத்தகிரிக்குக் கீழே இலைத் தொழிற்சாலை.
வாட்டும் அறையின் விசிறிகள் மேலே முனக
ஆபீசில் சால்வைக்குள் நானும் மடிக்கணினியும்.
எதிர்மூலையில் இரண்டு தட்டு கொண்ட சேமிப்புப் பெட்டி,
காற்றோட்டத் துளைகளில் தேயிலைத் தூசு,
பச்சை விளக்கு மட்டும்
ஒரு தப்பும் செய்யாத முகத்தோடு.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். மாற்றினேன்.
சுவிட்சை மாற்றினேன்.
கடவுச்சொல் சரி. இடம் பாதிக்கு மேல் காலி.
வைரஸ் காவலனைத் தூங்கவைத்தேன்.
மின்சாரம் இடறுகிறதோ என்று
யு.பி.எஸ். வாங்க வைத்தேன், ஏழாயிரத்து இருநூறு.
மேனேஜர் வரதய்யன்
ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி ரசீதைப் பார்த்தார்.

பன்னிரண்டாம் இரவு
பதிவேட்டை வரிவரியாகப் படித்தேன்.
முதலிலேயே செய்திருக்க வேண்டியது.
அடியில் கிடந்தது காரணம்:
பெயர் மிக நீளம்.

கோப்பின் பெயர் இது:
'மழை இல்லாத நாளில் நனைந்த இலை என்று பெள்ளியின் மூட்டையில் ஐந்து கிலோ கழித்தேன்'.

ஆங்கில எழுத்துக்கு இந்தப் பெட்டியில் ஓரிடம்.
நம் 'க'வுக்கு மூன்று.
'க்' என்றால் ஆறு,
தலையில் வைத்த புள்ளிக்கும் தனியாக மூன்று.
மெய்க்கு அரை மாத்திரை என்று படித்த நான்
அரை மாத்திரைக்கு ஆறிடம் கேட்கும்
கணக்கை விரல்விட்டு எண்ணினேன்.
இருநூற்றுப் பதினாறு,
எக்செல்லின் வாலையும் சேர்த்து.
பூட்டிய அடுக்கில் அனுமதி நூற்று நாற்பத்து மூன்று.

பூட்டியவள் நான்தான்.
வேறொரு தொழிற்சாலையில் திருட்டு என்று கேட்டு
போன மாதம் ஒரு டிக்,
பெருமையாக.

காலையில் எடைக் கணக்கர் சுகிர்தம் வந்தாள்,
மப்ளரில் பனித்துளி.
திரையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.
இன்னும் பதினெட்டுக் கோப்புகள் இருக்கிறதாம்,
இதைவிட நீளப் பெயரோடு நான்கு.

"தேதிக்குக் கட்டம் இருக்கு, எடைக்கு இருக்கு,
கழிவுக்கு இருக்கு.
ஏன்னு எழுதத்தான் கட்டம் இல்ல."

சுருக்கிவிடலாமே, பெள்ளி-5 என்று?
விவரத்தை உள்ளே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"உள்ள எழுதினா யாராவது திறக்கணும்.
யாரு திறக்கப் போறா?
பேருன்னா, தேடாதவங்க கண்ணுலயும் படும்."

பெயர் மாற்றும் பெட்டி திறந்தே இருந்தது.
நீலத்தில் குளித்த அந்த வரிமேல்
ஒரு விசை தட்டினால் போதும்.
வெளியே இலை வண்டி திரும்பும் சத்தம்.
மூட்டை இறக்கும் குரல்களில்
ஒன்று பெள்ளியுடையதாகவும் இருக்கலாம்,
எனக்கு அவரைத் தெரியாது.

ரத்து செய்தேன்.

அன்றிரவு பூட்டில்லாத புது அடுக்கு.
பெட்டியைத் தூக்கி, முதுகில் துளையிட்ட பீரோவுக்குள் வைத்து
திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கவிட்டேன்.
திருடனுக்கு இது போதும்.
நகல் முதலிலிருந்து கிளம்பியது.
இரண்டு பதினான்கு.
அறுபத்து மூன்று.
அறுபத்து நான்கு என்று மாறியபோது
விசிறிச் சத்தத்தில்
நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

நாலே முக்காலுக்கு முடிந்தது.
மீட்டுப் பார்க்காத நகலை நம்பக் கூடாது,
ஏதாவதொரு கோப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.
எதை என்று யோசிக்கவில்லை.
முழுப் பெயரோடு வந்து நின்றது,
ஒரு புள்ளி குறையாமல்.

திறந்தேன்.
உள்ளே ஒரே ஒரு கட்டத்தில்
5.

ரசீதில் எழுதினேன்: பெயர் நீளம், சரிசெய்யப்பட்டது.
"யார் பெயர்?" என்றார் வரதய்யன்,
பேனாவைத் தேடிக்கொண்டே.