பதினேழுக்கு மேல்

மன்னார்குடியில், ஒரு கல்யாண மண்டபத்தில்
புத்தகக் கண்காட்சி.
வாழைமரம் கட்டிய கயிறு இன்னும் தூணில் இருக்கிறது.
போகிக்கு முந்தின நாள், பத்து சதவீதம் கழிவு,
கையில் இரண்டாயிரத்து நூறு ரூபாய்.
தோள்பைக்குள் கைவிட்டால்
கொள்முதல் நிலையத்து ஈரமானி இடிக்கிறது.
பூட்டிவைக்க மறந்து தூக்கி வந்துவிட்டேன்.

ஒரு பிடி நெல்லைப் போட்டால் எண் சொல்லும்.
பதினேழுக்குள் என்றால் தராசு,
மேலே போனால் திரும்பவும் களம்.
ஆளைப் போட்டால் புத்தகம் சொல்கிற கருவியை
எந்த அலுவலகத்திலும் கையெழுத்து வாங்கித் தருவதில்லை.

தங்கை மகனுக்குப் பதினோரு மாதம்.
எதையும் வாயால் படிக்கிற வயது.
துணியில் தைத்த வாத்துப் புத்தகம், ஆறே பக்கம்.
சாயம் போகுமா என்றேன்.
"நனைச்சுப் பாருங்க" என்றான் கடைப் பையன்.
அவன் மகன் நனைப்பான் என்றேன், யாருடைய மகன் என்று
எனக்கே குழம்பிவிட்டது.

வரப்பைத் துளைக்கிற நண்டு
ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று
தேர்வுத்தாளில் பதிலுக்குப் பதில் கேள்வி எழுதியவள்
மதுவந்தி, மூன்றாம் வகுப்பு.
நண்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. கடல் நண்டு.
இருக்கட்டும்,
முத்துப்பேட்டை ஒன்றும் தூரமில்லை.

ரிஹானாவுக்குப் பொதுத்தேர்வு.
தெருவே அவளுக்கு வினாவங்கி வாங்கித் தருகிறது.
"இதுல கொலை உண்டா?"
"மூணு."
"கட்டுங்க."

சமையல் புத்தகத்தோடு வந்தால்
வாசலிலேயே நில் என்று
சொல்லி அனுப்பியிருந்தாள் நாத்தனார் தில்லைநாயகி.
பாலத்தைத் தவிர மேடே இல்லாத ஊரில் அவளுக்கு
பனிமலை ஏறிய ஒருத்தியின் நாட்குறிப்பு.
அட்டையில் சிரிப்பவளுக்கு மூக்குத் தோல் உரிந்திருக்கிறது.

மூட்டை தூக்கும் வைரக்கண்ணுவுக்கு
எண் வரும், எழுத்து வராது.
நீடாமங்கலத்தில் ரயிலேறுகிற மூட்டை
எங்கே இறங்குகிறது என்று
நாலு வருஷமாக என்னைக் கேட்கிறார்.
எனக்கும் தெரியாது.
தண்டவாளம் தடித்த கோடாக ஓடுகிற
வரைபடப் புத்தகமாகப் பார்த்து எடுத்தேன்.

கண்காணிப்பாளருக்கு எதுவும் இல்லை.
அவர் விரும்பிப் படிப்பது
என் பட்டியலில் இருக்கிற பிழை.

இனி தங்கையன்.
போன வாரம் அவர் நெல்லைத் திருப்பியது நான்தான்.
பத்தொன்பது புள்ளி நாலு.
மழையில் சாய்ந்த சம்பா. அவர் வாதாடவில்லை.
குவியலுக்குப் பக்கத்திலேயே
தார்ப்பாயும் ஆளுமாக மூன்று ராத்திரி.
வடை சுற்றி வந்த தாளை, குழல்விளக்கடியில்,
எண்ணெய் குடித்த வரியையும் விடாமல்
தூக்கிப் பிடித்துப் படித்தார்.
பட்டியல் எழுதிக்கொண்டே பார்த்தேன்.

கொடுத்தால் நாலு பேர் பேசுவார்கள்.
களத்துக்காரர் எழுத்தருக்குக் கொடுப்பதுதான்
இங்கே வழக்கம்.
மேசையை இரண்டு முறை சுற்றி வந்தேன்.
பிறகு, இருந்ததிலேயே தடித்த நாவலைத்
தூக்கி வைத்துவிட்டேன்.
மிச்சம் பேருந்துக்கு மட்டும் இருந்தது.

மறுநாள் விடிகாலை, போகிப் புகை களம் வரைக்கும்.
தெருவில் யாரோ பழைய நோட்டுகளை எரிக்கிறார்கள்.
நான் தாள் கட்டு ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.
துண்டில் கை துடைத்து வாங்கினார்.
நடுவில் பிரித்தார்.
ஒரு பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும்
இடையில் வைத்து
நெல்லைத் தேய்ப்பதுபோல் தேய்த்தார்.
"நல்லாக் காஞ்சிருக்கு."

அப்புறம் கடைசித் தாளைப் புரட்டி
எண்ணைப் பார்த்தார்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.

"அப்ப,
பொங்கல் கழிச்சும் நீங்க
எடுக்கப் போறதில்ல."