முப்பத்தைந்து

எல் ஆல்ட்டோ நகரில்,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
கிளிப்பச்சையும் ஆரஞ்சும் பூசிய கல்யாண மாளிகையின்
இரண்டாம் மாடியில்
ஒரு கடல் இருக்கிறது.
எண்ணூறு லிட்டர்.
மின்கட்டணம் முதலாளி பெயரில்.

எல்விரா தாங்காரா
தரை துடைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.
மீன் பார்த்துக்கொண்டிருந்தவன்
சம்பளம் போதாமல் சாந்தா குரூஸுக்கு இறங்கிப் போனான்,
உப்புமானியை அவள் கையில் திணித்துவிட்டு.
'முப்பத்தைந்து' என்றான் படியில் நின்று.
வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டு சொட்டு.
குமிழ் அகப்படாமல் மூடியைச் சாய்க்க வேண்டும்.
விளக்கைப் பார்த்துப் பிடித்தால்
மேலே நீலம், கீழே வெள்ளை,
இடையில் ஒரு கோடு.

இங்கே காற்று உதட்டை வெடிக்க வைக்கும்.
நாளுக்கு ஒன்பது லிட்டரைச்
சத்தமில்லாமல் குடித்துவிட்டு
உப்பை மட்டும் அப்படியே வைத்துவிடும்,
விருந்தில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறவர் மாதிரி.
ஆகவே குறைந்ததை நிரப்ப
நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் மட்டும்.
உப்பைத் தின்றது தண்ணீர் குடித்தாக வேண்டும்.

உப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது.
எல்லைச் சாவடியில் அதிகாரி வாளியைத் தட்டிக் கேட்டார்:
'உள்ளே என்ன?'
'கடல். தண்ணீர் இன்னும் சேர்க்கவில்லை.'
போரில் கடலைத் தோற்ற நாடு;
அது இப்போது வாளி வாளியாகத் திரும்புகிறது,
வரி கட்டி, ரசீதோடு.

'உயூனியில் கண்ணெட்டும் வரை உப்புதானே,
ஒரு மூட்டை அள்ளினால் என்ன?' என்றார் முதலாளி.
அது சூப்புக்கு ஆகும், ஐயா.
பவளம் சுண்ணாம்பையும் கேட்கும்,
மெக்னீசியத்தையும் கேட்கும்,
ஒன்று கூடினாலும் வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு கல்யாணத்தில்
மாப்பிள்ளையின் ஞானத்தந்தை
முதல் வாய் பியரை பூமித்தாய்க்கு என்று
தொட்டிக்குள் ஊற்றினார்.
எக்காளம் முழங்கியது. நுரைவடிகட்டி பொங்கி
எல்லார் காலணியையும் நனைத்தது.
எல்விரா அளந்தாள்.
கோடு அசையவில்லை.

கோடு அசைந்தது அக்கா பிரசவத்துக்கு
ஒருரோ போய் வந்த பத்து நாளில்.
பார்த்துக்கொள்ளச் சொன்ன விக்டோரியானோ
தினமும் உப்பு கரைத்து ஊற்றியிருந்தான்.
'கடலுக்குக் கடல்தானே ஊற்றணும்?'
முப்பத்தொன்பது.
பவளங்கள் முட்டி மடக்கிய விரல்களாய்.
கோமாளி மீன் மூலையில், மூச்சு வேகமாய்.

ஒரே நாளில் இறக்கிவிடலாம்.
இறக்கினால் செத்துவிடும்.
இருபது லிட்டர் அள்ளி,
இருபது லிட்டர் நல்ல நீர்,
நாளுக்கு ஒரு கோடு, ஒன்றே ஒன்று.
அவசரம் கையெல்லாம் அரித்தது.
அவளோ துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள்.
நான்காம் இரவு,
நாற்காலிகளை அடுக்கி முடித்துத் திரும்பினால்
ஒரு விரல் திறந்திருந்தது.
அடுத்ததைப் பார்க்க அவள் காத்திருக்கவில்லை,
கடைசிப் பேருந்து பத்தரைக்கு.

போன ஆகஸ்டில் உப்பு வாளி எடுக்க
அரிக்கா துறைமுகம் வரை போனாள்.
சுங்க அலுவலகம் திறக்க இருபது நிமிடம்.
பாவாடையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு
கணுக்கால் நீரில் நின்று,
சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தாள்.
இரண்டு சொட்டு. குமிழ் இல்லை.
துடைத்து மறுபடி.

தூண்டில் போட்டிருந்த பையன் கேட்டான்:
'என்ன பார்க்கிறீங்க?'
'சரியா இருக்கான்னு.'
'இருக்கா?'
'ஒரு மயிரிழை குறைவு.'

பையன் கடலைத் திரும்பிப் பார்த்தான்,
தப்பு தன்னுடையதுதான் என்பதுபோல.