பதினான்காம் நாள்

வால்டிவியாவில் தகரக் கூரைமேல் மழை.
கூண்டில் பதினேழாம் எண் எலி
தன் வாலைத் துரத்துவதுபோல் சுற்றுகிறது.
துரத்தவில்லை; தரை எங்கே என்று அதற்குத் தெரியவில்லை.

நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள் மக்கரேனா.
கருவின் உள்காதில், பதினான்காம் நாள்,
ஒரு செல் பக்கத்துச் செல்லைத் தொட்டுச் சொல்லவேண்டும்:
கேட்பது நான், நீ தாங்கு.
தொட்டால்தான் சொல். தூரத்திலிருந்து சொல்ல வழியில்லை.

இதன் காதில் யாரும் யாரையும் தடுக்கவில்லை.
எல்லாரும் கேட்க வந்துவிட்டார்கள்,
தாங்க ஆளில்லை.

ஆறு மணி. காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள்.
மழை நின்றுவிடுகிறது,
அவளுக்கு மட்டும்.

கூண்டுக்குள் கை நீட்டுகிறாள்.
எலி விரலில் முட்டி
ஒரு கணம் நிற்கிறது.
பிறகு மறுபடியும், இடப்பக்கமாக.