காத்திருக்க மணிக்கு ஆறு டொலர்

முதலில், எல்லாம் செய்வேன் என்றுதான் எழுதியிருந்தேன்.
தட்டச்சு, மொழிபெயர்ப்பு, எக்செல், பவர்பொயின்ட்,
மின்னஞ்சலுக்குப் பதில், பயணச்சீட்டு,
பிறந்தநாள் நினைவூட்டல் கூட.
எல்லாம் செய்வேன் என்றவளிடம்
ஒன்பது மாதம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
ஒட்டுசுட்டானில், இந்தத் தகரக் கூரைக்குக் கீழே,
மடிக்கணினியின் தவணைக் காசு மட்டும்
மாதம் தவறாமல் என்னைத் தேடி வந்தது.

"உனக்கெண்டு ஒரு துறை வேணும்" என்றாள்
வவுனியாவில் இதே தொழில் பார்க்கும் தர்மிலா.
அவள் பல்வைத்தியர்களுக்கு மட்டும்.
நாலு நாட்டுக் கடைவாய்ப் பற்கள்
அவளின் நாட்காட்டியில் முறை வைத்து வலிக்கும்.
எனக்கு ஒரு பல்லும் அகப்படவில்லை.

பிறகு ஒரு வியாழன் இரவு, லீட்ஸிலிருந்து
கோலின் என்று ஒரு மனிதர்:
விமானக் கம்பனி என் பெட்டியைத் தொலைத்துவிட்டது,
அழைத்தால் பாட்டுப் போடுகிறார்கள்,
எனக்குப் பொறுமை இல்லை,
உன்னால் முடியுமா?

இரண்டு மணி நாற்பது நிமிடம்.
ஒரே பியானோ.
நடுநடுவே ஒருத்தி,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
மின்சாரம் போய் வந்தது.
மகன் எழும்பித் தண்ணி கேட்டான், குடித்தான், படுத்தான்.
குளப்பக்கம் இரண்டு யானைவெடி.
நான் விடவில்லை.
பெட்டி மட்ரிட்டில் இருந்தது.

எப்படி உன்னால் இவ்வளவு நேரம், என்று எழுதினார்.
சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினேன்.
பன்னிரண்டு வயதில் பவுசர் தண்ணிக்கு
பச்சை வாளியோடு நின்றதை எழுதவில்லை.
வாளியை வைத்துவிட்டுப் போனால்
வாளி மட்டும் பின்னுக்குப் போகும் என்பதையும்.
மாவுக்கு, மண்ணெண்ணெய்க்கு, பாசுக்கு,
பெயர் ஒட்டிய பலகைக்கு.
அந்த வரிசைகளில் பியானோ இருக்கவில்லை.
முக்கியம் என்று யாரும் சொல்லவுமில்லை.
கணக்கில், பதினாறு டொலர் என்று மட்டும் போட்டேன்.

அன்றிரவே பழையதெல்லாம் அழித்துவிட்டு
ஒரு வரி எழுதினேன்:
உங்களுக்காகக் காத்திருப்பேன்.
விடியமுன்னம் மூன்று ஆண்கள் இதயம் அனுப்பியிருந்தார்கள்,
அதில் ஒருவர் தன் படகோடு.
திருத்தினேன்:
தொலைபேசியில். மணிக்கு ஆறு டொலர்.

இப்போது பதினொரு பேர்.
வரித் திணைக்களம், காப்புறுதி,
சக்கர நாற்காலிக்கு ஒரு பிரேக்.
எந்தக் கம்பனிக்கு எந்தப் பாட்டு என்று தெரியும்.
திங்கள் காலை கூடாது.
எதையும் அமத்தாமல் பேசாமலிருந்தால்
சிலவேளை ஆளே வரும்.
மனிதக் குரலுக்கு முன்னால்
சின்னதாய் ஒரு மூச்சு கேட்கும்.
அப்போதே நிமிர்ந்து இருந்துவிடுவேன்.

நேற்று பிரதேச செயலகம். காணிப் பெர்மிட் விஷயம்.
என் இலக்கம் அறுபத்தொன்று,
கூப்பிட்டது பத்தொன்பது.
காதுக்குள் ஹோபார்ட் நகரத்துத் தண்ணீர்ச்சபை,
திருமதி பிரையனுக்காக.
ஒரே வாங்கில் இரண்டு வரிசை,
ஒன்றில் எனக்குச் சம்பளம்.

நாற்பத்து நாலாம் நிமிடம் ஹோபார்ட் மூச்சு வாங்கியது.
எழும்பி, நல்ல ஆங்கிலத்தில்,
யாரோ ஒருத்தியின் கசியும் குழாய்க்கு நியாயம் கேட்டேன்.
மண்டபம் திரும்பியது.
இலக்கம் கூப்பிடுகிற பெடியன் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தான்.

இருந்ததும், பக்கத்துப் பெண்,
கையில் எண்பத்தெட்டு,
மெல்லக் குனிந்து கேட்டா:
"தங்கச்சி, உள்ளுக்கை இவையளோடயும்
உப்பிடிக் கதைப்பியோ?
எவ்வளவு எடுப்பாய்?"

சிரித்தேன்.
அவ சிரிக்கவில்லை.
மடியில் பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை,
அதற்குள் மூலைகள் கறுத்த ஒரு கோப்பு.

"முதல்ல அதைக் காட்டுங்கோ அக்கா" என்றேன்.
கூப்பிட்டது இருபத்திரண்டு.