தரை துடைப்பவளின் பரிந்துரை

மசேருவிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
செவிலியர், மருத்துவச்சியரில்
ஊக்கமூட்டும் தலைமைக்கு விருதாம்.
யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம் என்று
போட்டிருப்பதால் நானும் எழுதுகிறேன்.

பெயர்: கெனேவுவே.
பணி: பிரசவ வார்டில் தரை துடைப்பது.
பரிந்துரைக்கப்படுபவர்: மே மாமொஹாவு.
(மே என்றால் எங்கள் பேச்சில் அம்மா.
உங்களுக்குத் தெரியும்,
பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்.)
எத்தனை ஆண்டுகளாக அவரைத் தெரியும்?
பதினோரு ஆண்டுகளாக,
பெரும்பாலும் கணுக்காலுக்குக் கீழே.

அவர் செருப்பில் இடது குதிகால் தேய்ந்திருக்கும்.
ஈரத்தரை என்றால் சுவரோரமாகப் போவார்.
டாக்டர்கள் நடுவில் நடப்பார்கள்.
இதற்கென்று கட்டம் எதுவும் இல்லை,
இங்கேயே எழுதி வைக்கிறேன்.

கேள்வி நான்கு:
தலைமைப் பண்பு வெளிப்பட்ட ஒரு நிகழ்வு.

எங்கள் அறையில் தலை என்றால்
முதலில் வெளியே வருவது.
அது வந்துவிட்டால்
மற்றதெல்லாம் பின்னாலேயே வழுக்கி வந்துவிடும்.

போன ஜூலை. கணவாய் மூடிவிட்டது.
இரவு வேலைக்கு வர வேண்டியவள்
பாதி மலையில் பேருந்தோடு சிக்கிக்கொண்டாள்.
வெளியே பனி கொட்டக் கொட்ட
உள்ளே ஒன்றன்பின் ஒன்றாய்
மூன்று கட்டிலிலும் பனிக்குடம் உடைந்தது.
கையில் ஒற்றைத் துடைப்பானோடு நான்.
பகல் முழுக்க உழைத்தும் வீட்டுக்குப் போக முடியாமல்
ரெலெபோஹிலே,
வேலையில் சேர்ந்து ஏழே மாதம்.

மூன்றாம் கட்டிலில் குழந்தை பிறந்துவிட்டது,
ரத்தம் நிற்கவில்லை.
மே அன்று விடுப்பில் இருந்தார்.
யார் சொன்னார்களோ,
போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.
வாசலிலேயே ரப்பர் பூட்ஸைக் கழற்றினார்.
"நீ ஊசியைப் போடு, நான் பிடித்துக்கொள்கிறேன்."
தொப்புளுக்கு மேலே முட்டியை ஊன்றி
காலுறையோடு நின்றார், விடியும்வரை.
அந்தக் காலுறைகளைச் சுற்றிச் சுற்றித்தான் துடைத்தேன்.

மூன்றாம் கட்டில் பிழைத்துக்கொண்டாள்.
இரண்டாம் கட்டில் குழந்தை அழவே இல்லை.
நாற்பது நிமிடம்
யாரும் அதன் இதயத்தைக் கேட்டிருக்கவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள்.
யாரோ தேநீரைக் கொட்டியதால்
நானும் மேசைக்கடியில் இருந்தேன்.
ரெலெபோஹிலேயின் ஒரு செருப்பு
இன்னொன்றை மிதித்துக்கொண்டு நடுங்கியது.
பணியில் இருந்தது யார் என்று கேட்டார்கள்.
தேய்ந்த குதிகால் அசையவில்லை.
"பணிப்பட்டியல் போட்டது நான்.
பனி வரும் என்று தெரிந்தும்
இரவுக்கு ஒருத்தி பெயரை மட்டும் எழுதியது நான்.
முதலில் என் பெயரை எழுதுங்கள்."
எழுதிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு கழிந்து
அவர் செருப்பில் ஹா-ம்போலோவின் செம்மண்,
பாவாடை ஓரத்தில் குதிரை முடி.
இரண்டாம் கட்டில் பெண்ணின் ஊர் அது.
போய் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.
மண்ணைத் துடைத்தேன், கேட்கவில்லை.

இப்போது குளிர்காலத்தில் இரவுக்கு இரண்டு பெயர்,
இரண்டு பேரும் பனிக்கு முந்தியே மேலே வந்துவிட வேண்டும்.
தேதி நெருங்கிய பெண்கள்
முதல் பனி விழும் முன்பே வந்து
பக்கத்துக் கொட்டகையில் தங்குகிறார்கள்.
ராத்திரியெல்லாம் சிரிப்பும் சண்டையும்,
எனக்குத் துடைக்கும் வேலை இரட்டிப்பு.
ரெலெபோஹிலே இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.
நாற்பது நிமிடம் என்ன, பத்து நிமிடம் ஆனாலே
கையில் குழலோடு ஓடுகிறாள்.

கேள்வி ஐந்து, பெற்ற பட்டங்கள். தெரியாது.

கேள்வி ஆறு:
பரிந்துரைக்கப்படுபவர் எப்போதேனும்
ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரா?
ஆம் எனில் தகுதியற்றவர்.

பேனாவை மூடிவிட்டுத்
தாழ்வாரத்தை ஒருமுறை துடைத்து வந்தேன்.
பொய் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஆம்.
ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம்.
காரணம் எழுதும் கட்டம் மிகச் சிறியது.
நான்காம் கேள்வியைப் பார்க்கவும்.