வாசிக்காதவர்

இறுவட்டின் அட்டையில் பெரிய எழுத்தில்
ஓஸ்வின் ஷொக்மன் என்றிருக்கிறது.
உள்ளே எழுபத்தொரு நிமிடம்.
அதில் அவர் ஒரு சுரமும் வாசிக்கவில்லை.

பம்பலப்பிட்டியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
ஒரு பாடசாலை மண்டபம். மார்ச் மாதப் புழுக்கம்.
மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.
ஒலிப்பதிவுக்காரனின் பேச்சுக்கு
அன்று ஒருநாள் மரியாதை.
அறுநூறு பேரும் நிகழ்ச்சி நிரலை மடித்து
விசிறத் தொடங்கினார்கள்.
முன்பக்கத்தில் அவர் படம்.
அறுநூறு ஷொக்மன்கள் இடமும் வலமும் ஆடி
காற்று வீசினார்கள் கடைசிவரை.
பதிவின் அடியில் ஓடும் அந்தச் சரசரப்பை
மெல்பேர்னில் வாங்கியவர்கள்
கொழும்புக் கடல் என்று எழுதுகிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடம்.
கோலின் நுனி காற்றில்
ஒரு புள்ளியைத் தொடவேண்டிய இடத்தில்
நாலைந்து புள்ளிகளைத் தொட்டது.
'கையைப் பார்க்காதீங்கோ, தோளைப் பாருங்கோ'
ஒத்திகைக்கு முன் மூன்று மொழியிலும் சொல்லிவைத்தவர்
முதல் வயலின் நிர்மலி செல்வதுரை.
அவர் காதில் விழாமல்தான் சொன்னார்.
மறுநாள் ஷொக்மன்
கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு
மேடையேறினார்,
தோள் நன்றாகத் தெரியட்டும் என்று.

இரண்டாம் பகுதி மிக மெதுவானது.
ஒன்றுமில்லாததிலிருந்து செலோக்கள் எழவேண்டும்,
எட்டுப் பேர், ஒரே மூச்சில்.
எழுந்தார்கள்.
தோளை நம்பிய மூவர் முன்னால்,
பழக்கத்தில் கையைப் பார்த்த நால்வர் பின்னால்,
கடைசி வரிசை றிஸ்மி கண்ணை மூடியிருந்தான்.
நொடியில் பத்தில் ஒரு பங்குதான்.
காதுள்ளவனுக்கு அது போதும்.

'பெரிய மனிதரின் கடைசிப் பதிவு,
இப்படியா இருக்கவேண்டும்?' என்றார்
சங்கச் செயலாளர் ஆனந்தப்பா.
'ஒத்திகையில் சரியாக வந்ததே,
அதை வெட்டி இங்கே ஒட்டும்.'

ஒட்டினேன்.
வெள்ளவத்தையில் என் பின்னறை, இரவு இரண்டு மணி,
அடுத்த மாடியில் யாரோ தண்ணீர் மோட்டரை நிறுத்த மறந்த இரவு.
செலோக்கள் ஒன்றாக எழுந்தன.
அவ்வளவு அழகு.
ஆனால் அந்த ஆறு நொடிக்கும் கடல் வற்றியிருந்தது.
யாரும் விசிறவில்லை.
வெறும் கதிரைகள் வரிசை வரிசையாகக் கேட்டன.
எழுபத்தொரு நிமிடத்தில்
அவருடைய கை காதுக்குக் கேட்கும் ஒரே இடத்தை
நான் துடைத்துவிட்டிருந்தேன்.

பழையபடி ஆக்கிவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம்.
போகவில்லை.
ஹெட்போனை இறுக்கிக்கொண்டு
இறுதிப் பகுதிக்குப் போனேன்.
அங்கே இரண்டாம் ஹோர்ன் விதானகே
ஓர் உயரச் சுரத்தில் வழுக்குகிறார்.
ஊரறிந்த வழுக்கல்.
அதற்குள் பாவம் மனிதர், மூச்சை வேறு உள்ளிழுக்கிறார்.
அந்த நேரம் மேடைக்குக் கிட்ட வைத்த மைக்கில்,
டிம்பனி உருளத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்,
தாழ்ந்த குரலில், சிங்களத்தில், யாரோ:
கமக் நே.

பரவாயில்லை என்றும் சொல்லலாம்.
அவ்வளவுகூட இல்லை.
தெருவில் தோளோடு தோள் இடித்தவருக்கு
நடந்துகொண்டே சொல்வது.

ஒலியைக் கூட்டிப் பதினேழு தடவை கேட்டேன்.
விதானகேக்கு அன்று அது கேட்டதா தெரியாது.
கேட்கலாம் என்று இன்னும் நினைக்கவில்லை.

முடிவில் கோல் இறங்கவில்லை போலும்,
நீளமாக ஒரு நிசப்தம்.
அதற்குள் பாணந்துறை ரயில் கூவிக்கொண்டு போகிறது.
பிறகுதான் கைதட்டல், நாலு நிமிடம் இருபது நொடி.
அதிகம், பாதியாக்கும் என்றார் ஆனந்தப்பா.

அதை மட்டும் செய்தேன்.