தத்தனேரி ஒண்ணு

ராத்திரி ஒன்பதரைக்குக் காதில் மாட்டினால்
விடிய விடிய
அமெரிக்க டாக்டர்கள் தலைக்குள் நடப்பார்கள்.
கே.கே. நகர், மூன்றாம் மாடி,
கீழே பரோட்டாக் கடை.
காலடியில் ஒரு மிதி. மிதித்தால் குரல் நகரும்,
எடுத்தால் டாக்டர் வாயைத் திறந்தபடி நிற்பார்.
அவர்கள் சொல்வதை நான் அடிக்கிறேன்.

சேர்ந்த வாரமே தப்பு.
புண்ணில் டிஸ்சார்ஜ் என்றால் சீழ்,
புதன்கிழமை டிஸ்சார்ஜ் என்றால் வீடு.
நான் சீழை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.
ஞானசெல்வி சிரித்த சிரிப்பில்
வாயிலிருந்த முறுக்கு கீபோர்டில் விழுந்தது.
இன்னும் 'பி' சரியாக அமுங்காது.

நுரையீரல் அன்ரிமார்க்கபிள் என்பார்கள்.
சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை;
அங்கே அதுதான் நல்ல சேதி.
திருமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும்
அதையேதான் சொல்லி அனுப்பினார்கள்.
தமிழில் சொன்னதால் அம்மா அழுதாள்.

ஹாலிஸ் என்று ஒருவர்.
எழுபத்தெட்டு வயது, சர்க்கரை,
வலது குதிகாலில் ஆறாத புண்.
பதினான்கு மாசமாக அவரை அடித்திருக்கிறேன்.
மனைவி இறந்தது, நாய் வளர்ப்பது,
மாத்திரையை மறப்பது, ஊறுகாயை மறக்காதது
எல்லாம் தெரியும்.
முகம் தெரியாது.

போன வியாழன், ரிப்போர்ட்டை முடித்த டாக்டர்
மெஷினை அணைக்க மறந்துவிட்டார்.
நாற்காலி நகர்கிற சத்தம். நர்சிடம் பேச்சு.
நம்ம ஹாலிஸ் நேற்று ராத்திரி பாட் தி ஃபார்ம்.
மூன்று தரம் மிதித்துக் கேட்டேன்.
பண்ணை வாங்கிவிட்டார்!

எனக்கு அவ்வளவு சந்தோஷம்.
அந்தக் காலோடு நிலம் வாங்கியிருக்கிறார் மனுஷன்.
எத்தனை ஏக்கர், கிணறு உண்டா,
நாய் ஓட இடம் கிடைத்தது.
கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காட்டுக்கு
அப்பா பதினொரு வருஷமாக விலை கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.
டீ நேரத்தில் ஞானசெல்விக்கு என் காசில் வடை.
எதுக்கு என்றாள். சொன்னேன்.
வடையைக் கடிக்காமல் கீழே வைத்தாள்.
ஏய், அப்படின்னா செத்துட்டாருன்னு அர்த்தம்டி.

அடுத்த ஃபைலில் டாக்டர் முறையாகச் சொன்னார்:
நோயாளி எக்ஸ்பயர்டு, இரண்டு பதினேழு.
நேரத்தைச் சரியாக அடித்தேன்.
டிஸ்சார்ஜ் தேதி என்ற கட்டத்தையும் நிரப்பச் சொன்னது ஃபார்ம்.
இது வேறு ஃபார்ம்.

சாவைக் கொண்டுபோய்ப் பத்திரப் பதிவில் ஒளித்து வைக்கிறது,
இதெல்லாம் ஒரு பாஷையா என்று
பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை திட்டிக்கொண்டே வந்தேன்.
ஆறேகால் பஸ். ஜன்னலோரம்.
கண்டக்டர் வந்து நின்றார்.

தத்தனேரி ஒண்ணு, என்றேன்.

பின் சீட்டில் காலேஜ் பையன் ஒருவன் சிரித்தான்.
தினமும் யாராவது சிரிப்பார்கள்.
மதுரையில் ஒருத்தன் தத்தனேரிக்குப் போயிட்டான் என்றால்
பஸ்ஸில் இல்லை.
டிக்கெட் வாங்கிட்டான் என்றால் சில்லறை கொடுத்து இல்லை.
எங்கள் வீடோ அங்கேதான் இருக்கிறது,
இரண்டு அறை, ஒரு முருங்கை,
காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

அப்பா விலை கேட்பது கடலை போடுகிற காடு.
வா வா என்று கூப்பிடுகிறதே,
அது இன்னொன்று.
இரண்டுக்கும் நாங்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்,
ஹாலிஸ் ஊர்க்காரர்கள் மாதிரியே.

கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார்.
பெண்களுக்குக் காசில்லை.
அவருக்கும் சேர்த்து எடுப்பதானால் பத்து ரூபாய் ஆகும்.
பர்ஸைத் திறந்தேன்,
மூடினேன்.